வெள்ளை வண்டிப் பையனுக்கு

தினேஷ் கண்ணா,

இதை வாய்ஸ் மெசேஜாக அனுப்பாமல் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதற்கு நீதான் காரணம். என் குரலை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய். மறுக்காதே. மோர்க்குழம்பு வைக்கச் சொல்லிக்கொடுத்தபோது, மோரை ஊற்றியதும் கொதிக்க விடாதே என்று நான் சொன்னது உன் காதில் கொதிக்க விடு என்று விழுந்து, குழம்பு திரிந்துபோய், 'பனீர் மாதிரி வந்திருக்கும்மா, சாப்பிடலாமா' என்று போட்டோ அனுப்பினாயே, அன்றைக்கே தெரிந்துகொண்டேன். எழுத்தை அப்படி ஓட்ட முடியாது. என் கையெழுத்துக்கு, நின்று நின்றுதான் படித்தாக வேண்டும். எழுதி முடித்து போட்டோ பிடித்து அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் படித்துவிடு. வெள்ளிக்கிழமைதானே நீ கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும்?

அந்தக் காம்பவுண்டு குடியிருப்பைப் பற்றித்தான். ஃபேக்டரிக்குப் பக்கத்திலேயே வீடு, சுற்றிலும் மதில், கேட்டில் செக்யூரிட்டி, உள்ளேயே ஜிம், வாசலிலேயே வண்டி ஏறலாம், மலையேறி இறங்க வேண்டாம் என்று நீ அடுக்கிக்கொண்டே போனாய். கடைசியில், "உனக்காகத்தாம்மா பார்த்தேன், நீதான அந்தச் சந்தப் பார்த்துட்டு அழுத" என்றாய். நானும் யோசிக்காமல், "நல்லதுப்பா, போயிடு" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்ததிலிருந்து அந்த வார்த்தை என் தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. அன்றைக்கு ரசத்தில் உப்புப் போடவில்லை, மறுநாள் இரண்டு தடவை போட்டேன். உன் அப்பா இரண்டையும் ஒரே மாதிரி சாப்பிட்டார் என்பது வேறு விஷயம். சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். போகாதே. இப்போது குடியிருக்கிற அந்தச் சந்திலேயே இரு.

இதை நான் சொல்கிறேனா என்று நீ சிரிப்பாய். நீ பள்ளிக்கூடத்தில் மாமல்லபுரத்துக்கு டூர் போனபோது, பஸ்ஸுக்குப் பின்னாலேயே அப்பாவின் மொபெட்டில் செங்கல்பட்டு வரைக்கும் வந்தவள் நான். அங்கே பஸ் டீக்கு நின்றபோது உன் கண்ணில் பட்டு, நீ ஜன்னலுக்குக் கீழே குனிந்து ஒளிந்துகொண்டாய். பக்கத்து வீட்டு விமலா இன்றைக்கும் யார் வீட்டுக் கல்யாணமானாலும் இந்தக் கதையைப் பந்தியில் பரிமாறுகிறாள். அப்படிப்பட்டவள் மதிலும் காவலும் வேண்டாம், திறந்து கிடக்கிற சந்தே போதும் என்கிறேன். பயம் போய்விட்டது என்று நினைக்காதே. பயம் அதே அளவில்தான் இருக்கிறது. எதற்குப் பயப்பட வேண்டும் என்பதுதான் மாறிவிட்டது.

உனக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்து, ஞாயிறு முழுக்க, திங்கள் முழுக்க நீ போனை எடுக்காமல் கிடந்தாயே, அதை நாம் இரண்டு பேரும் இன்றுவரை நேராகப் பேசிக்கொண்டதே இல்லை. "சார்ஜ் போயிடுச்சும்மா" என்று நீ சொன்னாய், நானும் நம்புகிற மாதிரி இருந்துவிட்டேன். இங்கே எங்களுக்கு நடந்தது இதுதான். அப்பா டியூட்டிக்குப் போகாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார். நான் வல்லக்கோட்டை முருகனுக்கு என்னவெல்லாமோ வேண்டிக்கொண்டேன். அதில் பாதி எனக்கே ஞாபகமில்லை, கடவுளுக்கு இருந்தால் ஆபத்து. விமலாவோ, "எதுனா மெக்சிகோ பொண்ணு கூட செட்டிலாயிருப்பான்க்கா, கவலப்படாத" என்றாள். அந்த நேரத்தில் அதுகூட எனக்கு நல்ல செய்தியாகத்தான் தோன்றியது. செவ்வாய்க்கிழமைதான் ஃபேக்டரியில் உன் லைனில் வேலை செய்கிற ஒருவர் வந்து கதவை உடைக்காத குறையாகத் திறக்க வைத்து, உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார் என்று தெரிந்தது. அதற்கப்புறம்தான் செங்கல்பட்டைத் தாண்டி, விமானம் ஏறி மெக்சிகோ வரைக்கும் பின்தொடர்வது என்று நான் முடிவெடுத்தேன்.

உன் ஊரின் பெயர் எனக்கு இன்னமும் வாயில் வரவில்லை. குவானஹுவாட்டோ என்று சொல்ல ஆரம்பித்தால் பிறந்த குழந்தை அழுகிற மாதிரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ என்னை நன்றாகத்தான் சுற்றிக் காட்டினாய். அந்த மஞ்சள் நிறப் பெரிய கோயிலைப் பார்த்தோம். காதலர்கள் முத்தம் கொடுப்பதற்கென்றே இருக்கும் ஒரு சந்தைப் பார்த்தோம், அதில் வரிசையில் நின்றது நீயும் நானும். மியூசியத்தில் டிக்கெட் எடுத்துப் போய்க் காய்ந்துபோன பிணங்களையும் பார்த்தோம். வெள்ளி தோண்ட வந்த ஸ்பெயின்காரர்கள் மலைப் பள்ளத்தில் கொட்டிவிட்டுப் போன கலர் பெட்டிகள் மாதிரி வீடுகள். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ காட்டிய இடத்திலெல்லாம் ஜனங்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எந்த வீட்டிலிருந்தும் தாளிக்கிற வாசனை வரவில்லை. இந்த ஊரில் என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் வருவார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எல்லாருமே நாளைக்கு ஊருக்குப் போகிற முகங்கள்.

திங்களிலிருந்து சனி வரை நீ ஃபேக்டரி. "வெளிய போகாதம்மா, சந்து சந்தா இருக்கும், தொலைஞ்சிடுவ" என்று சொல்லிவிட்டுப் போவாய். நானும் முதல் நாள் ஒழுங்காக ஜன்னலோடு நின்றேன். காலையில் மணிச்சத்தம் கேட்டது. கணீர் கணீரென்று ஒருவன் கையில் மணியை ஆட்டிக்கொண்டு சந்தில் இறங்கினான். ஏதோ சாமி புறப்பாடு என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. எல்லார் கையிலும் குப்பை மூட்டை. கீழே குப்பை லாரி வந்திருக்கிறது என்று சொல்லும் மணியாம் அது. நான் குப்பைக்குக் கும்பிடு போட்டதை எதிர் வீட்டு அம்மாள் பார்த்துவிட்டாள். அவளும் பதிலுக்குச் சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கு மரியாதை செய்தாளா, கிண்டலா என்று இன்றைக்கும் நிச்சயமில்லை.

அதற்கப்புறம் ஜன்னலோடு நிற்க என்னால் முடியவில்லை. நீ போனதும் நானும் கிளம்பிவிடுவேன், நீ வருவதற்குள் வந்து ஒன்றும் தெரியாதவள் போல உட்கார்ந்துவிடுவேன். மேலே மேலே ஏறினால் போட்டோ பிடிக்கிறவர்கள் குறைந்துகொண்டே வருவார்கள், துவைத்த துணி கூடிக்கொண்டே வரும். மொட்டை மாடி ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, ஒரு நாய். அந்த நாய்கள் தெருவுக்கே வருவதில்லை, மேலே நின்றபடியே ஊர் நியாயம் பேசுகின்றன. ஒரு மூலையில் ஒருத்தி சப்பாத்திக்கள்ளியைக் கத்தியால் முள் சீவிச் சீவிப் பையில் போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். சப்பாத்திக்கள்ளி! நம் பிள்ளைப்பாக்கத்தில் வேலிக்கு வைத்து, மாடுகூட முகர்ந்து பார்க்காததை அங்கே கறியாகச் சமைக்கிறார்கள். சோள ரொட்டிக் கடையில் பெண்கள் துணியை விரித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள், நம்மூரில் மாவுக்கடைக்குத் தூக்குவாளியோடு நிற்பது போல. நானும் போய் நின்று, கையைக் காட்டித் தமிழிலேயே, "கொஞ்சமா குடும்மா" என்றேன். கடைக்காரி என்னைப் பார்த்து, "மண்டே?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "யாருடி மண்டு? நீதான் மண்டு" என்றேன். அவள் இன்னும் பணிவாக, "மண்டே?" என்றாள். சண்டை வருமென்று பார்த்தால் ஒரு சூடான ரொட்டியில் உப்பைத் தூவிச் சுருட்டிக் கையில் கொடுத்தாள். சாயங்காலம் உன்னிடம் நைசாகக் கேட்டபோதுதான் தெரிந்தது, 'என்ன சொன்னீர்கள்' என்று மரியாதையாகக் கேட்கிற வார்த்தையாம் அது. என் வாழ்க்கையில் முதல் தடவையாகத் திட்டியதற்கு ரொட்டி வாங்கித் தின்றிருக்கிறேன்.

நான் அழுதது அதற்கடுத்த வாரம். நீ பார்த்தது அழுது முடித்த முகத்தைத்தான், எதற்கு அழுதேன் என்று முழுதாகச் சொல்லவில்லை. அன்றைக்கு வேறு வழியாகத் திரும்பலாம் என்று ஒரு குறுக்குச் சந்தில் இறங்கினேன். சந்து மடங்கி மடங்கிப் போனது. எங்கேயோ மேலே மாடியிலிருந்து ஒரு பெண் குரல், "போரக்கா! போரக்கா!" என்றது. எனக்கு எப்படிக் கேட்டிருக்கும் சொல். போ அக்கா! போ அக்கா! இவள் யார் என்னைப் போகச் சொல்ல என்று கோபமும், இது யார் வீட்டு வழியோ தெரியாமல் நுழைந்துவிட்டோமோ என்று பயமும் சேர்ந்து வந்தது. வேகமாக இறங்கினேன். குரல் பெரிதாயிற்று. எதிர் ஜன்னலிலிருந்து ஒரு ஆணும் சேர்ந்துகொண்டான், "போரக்கா, சென்யோரா, போரக்கா!" மாடி நாய்கள் எல்லாம் குரைக்க ஆரம்பித்தன. சந்தே சேர்ந்து என்னைத் துரத்துகிறது. அவர்கள் கத்தக் கத்த நான் ஓடினேன். மூட்டு வலிக்காரி ஓடினால் எப்படி இருக்குமோ அப்படி ஓடினேன். கடைசியில் முன்னால் ஒரு சுவர். வழியே இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்தேன். இந்த ஊர் என் பிள்ளையையும் இப்படித்தான் துரத்தும், அவன் சொல்லமாட்டான், கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பான் என்று தோன்றியது. வாய்விட்டு அழுதேன்.

மூச்சிரைக்க ஒருத்தி படியிறங்கி வந்தாள். நான் குப்பைக்குக் கும்பிட்டபோது சிலுவை போட்டாளே, அந்த எதிர் வீட்டு அம்மாள்தான். என் வயதுதான் இருக்கும், என்னைவிட ஒரு சுற்றுப் பெருத்தவள். என் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பி, "அக்கா, அக்கா" என்று மேலே காட்டினாள். இவ்வளவு விரட்டிவிட்டு இப்போது பாசமாக அக்கா என்கிறாளே என்று எனக்கு இன்னும் அழுகை வந்தது. இரவு சாப்பாட்டின்போது உன்னிடம் மேலோட்டமாகச் சொன்னேன். நீ தட்டை வைத்துவிட்டுச் சிரித்தாய். "அம்மா, அது அக்கா இல்ல. அக்கான்னா 'இங்க'. போரக்கான்னா 'இந்தப் பக்கம்'. முட்டுச் சந்துக்குப் போறியேன்னு எல்லாரும் வழி காட்டியிருக்காங்க. நீ ஏம்மா ஓடுன?" நானும் சிரித்தேன். ஆனால் மணிக்கட்டில் அவள் பிடித்த இடம் அப்போதும் சூடாக இருந்தது.

அவள் பெயர் செலோ. அன்று அவள் வீட்டில் உட்கார வைத்து ஏதோ செம்பருத்தித் தண்ணீர் கொடுத்தாள். என் போனில் நீ ஏற்றிக்கொடுத்த மொழிபெயர்ப்பு ஆப்பை வைத்துப் பேசினோம். அவள் பேசினால் அது தமிழில் செய்தி வாசிக்கும். என் பிள்ளையைத் தெரியுமா என்று கேட்டேன். "ஆம், அவர் வெள்ளை வண்டியின் பையன் ஆவார்" என்றது போன். பெயர் தெரியுமா என்றேன். செலோ உதட்டைப் பிதுக்கினாள். சந்துக்குக் கீழே வெள்ளை வேன் வந்து ஹாரன் அடிக்கும், நீ போனைப் பார்த்துக்கொண்டே இறங்குவாய், இருட்டியதும் போனைப் பார்த்துக்கொண்டே ஏறுவாய். இவ்வளவு காலமாக அந்தச் சந்துக்கு உன்னைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். பிறகு அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு நீளமாகப் பேசினாள். போன் அதைத் தன் பாணியில் சொன்னது. "ஒரு திங்கட்கிழமை வேன் நீண்ட நேரம் ஒலி எழுப்பியது. பிறகு சென்றுவிட்டது. பையன் தன் நாட்டுக்குப் போய்விட்டான் என நினைத்தேன். பெயர் தெரிந்திருந்தால் நான் கூப்பிட்டிருப்பேன்."

தினேஷ், அந்தக் கடைசி வரியை அந்த மெஷின் குரல் சொன்னபோது நான் செம்பருத்தித் தண்ணீரை வைத்துவிட்டேன். நீ உள்ளே கிடந்திருக்கிறாய். இடையில் இருந்தது இரண்டு கதவும் நாலு எட்டுச் சந்தும். கூப்பிட ஆளும் இருந்தது. கூப்பிடப் பெயர்தான் இல்லை.

ஊருக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒரகடத்தில் வெளிநாட்டு மேனேஜர்கள் குடியிருக்கிற காம்பவுண்டின் கேட்டில்தானே நிற்கிறார். உனக்கும் அந்த மாதிரி இடம் கிடைத்தால் நிம்மதி என்று நான் அப்போதே சொன்னேன். அவர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, "இன்னா நிம்மதி? நாங்க வண்டி நம்பரத்தான் பாக்குறோம். எவன் மூஞ்சி எங்களுக்குத் தெரியும்?" என்றார். "உள்ள பூந்து யாரும் ஒண்ணும் பண்ணமாட்டாங்க இல்ல?" என்றேன். "பூர்றவன தடுக்கத்தான்மே எங்கள வெச்சிக்கீறாங்க. வெளிய வராதவன எவன் தேடுவான்? அது டியூட்டிலயே கெடையாது" என்று சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்துக் கிளம்பிவிட்டார். அவர் அதிகம் பேசாத மனிதர். பேசினால் இப்படி என் தூக்கத்துக்கு உலை வைக்கிற மாதிரிதான் பேசுவார். நீ 'மதில், கேட், செக்யூரிட்டி' என்று அடுக்கியபோது எனக்கு இது ஞாபகம் வந்திருக்க வேண்டும். போனை வைத்த பிறகுதான் வந்தது.

நம் மாடி ரூமில் ஒடிசாப் பையன்கள் இருக்கிறார்களே, வல்லம் வடகால் ஃபேக்டரியில் வேலை செய்கிறவர்கள், அவர்களுக்கு நான் வைத்த பெயர் 'பி ஷிப்டு' என்பது உனக்குத் தெரியும். "பி ஷிப்டு வந்துட்டாங்களா, மோட்டார் போடு" என்று கத்துவேன். செலோ வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அது ஞாபகம் வந்து வெட்கமாகப் போயிற்று. திரும்பி வந்த வாரமே மேலே ஏறிப் போய், என்னிடம் இருக்கிற இந்தியில், பெயர் சொல்லுங்கள் என்று கேட்டேன். என்ன நினைத்தார்களோ, பதறிப்போய் ஆளுக்கொரு ஆதார் கார்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார்கள். காலி பண்ணச் சொல்ல வந்திருக்கிறேன் என்று பயம். ஒருத்தன் என்னைப் பார்த்து, "அம்மா, தண்ணி கம்மியா யூஸ் பண்ணுது, சத்தியமா" என்றான். நான் அதிரசம் கொண்டுபோயிருந்தேன். அதை அவர்கள் நம்புவதற்கே ரொம்ப நேரமாயிற்று. உன் கதவைத் தட்டி ஒருத்தி பெயர் கேட்டால் நீயும் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டுதானே வருவாய்? அதுதான் எனக்குக் கவலை.

இப்போது நீ கோபித்துக்கொள்ளப் போகிற இடம். நான் கிளம்புவதற்கு முன்னால் உன் வீட்டு மாற்றுச் சாவியைத் தேடித் தேடிப் பார்த்தாயே, நானும் கூடவே கட்டிலுக்கு அடியிலெல்லாம் குனிந்து தேடினேனே. அது செலோவிடம் இருக்கிறது. நான்தான் கொடுத்தேன். அப்பாவிடம் சொன்னதற்கு, "ஊர் பேர் தெரியாத பொம்பளகிட்ட புள்ள வூட்டு சாவியக் குடுத்துட்டு வந்துகீறியே, உனுக்கு புத்தி கீதா?" என்று ஒரு வாரம் பேசவில்லை. அவர் கேட்டது நியாயம்தான். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனாலும் சாயங்காலம் நான் டீ போடுகிற, அங்கே விடிகிற நேரத்துக்கு அவளிடமிருந்து எனக்கு ஒரு 'காலை வணக்கம்' வரும். மின்னுகிற ரோஜாப்பூ, சில நாள் மாதா படம். நான் முருகன் படம் அனுப்புவேன். பூ வந்தால் வெள்ளை வண்டிப் பையன் படியிறங்கிவிட்டான் என்று அர்த்தம். வராவிட்டால் அவள் கதவைத் தட்டுவாள், திறக்காவிட்டால் சாவி போடுவாள். இதுதான் எங்கள் ஏற்பாடு. உன்னைக் கேட்காமல் செய்தது தப்புதான், கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய்.

அந்தச் சந்தில் ஆபத்தே கிடையாது என்று நான் சொல்லமாட்டேன். படி வழுக்கும், விளக்கு சரியில்லை, இரவில் தனியாக ஏறும்போது உனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தால் எனக்குப் பயம்தான். காம்பவுண்டில் அந்தப் பயம் எதுவும் எனக்கு இருக்காது. பயம் மட்டுமில்லை, செய்தியும் இருக்காது. நான் தினமும் டீயை வைத்துக்கொண்டு, நீயே போட்டு அனுப்புகிற ஒரு கட்டைவிரல் படத்தை நம்பிக்கொண்டிருக்க வேண்டும். காய்ச்சலில் கிடக்கிறவன் கட்டைவிரல் அனுப்பமாட்டான்.

முடிவு உன்னுடையது. கட்டாயப்படுத்தமாட்டேன் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் நீ என் பிள்ளை, பொய் என்று கண்டுபிடித்துவிடுவாய். ஒன்று மட்டும் சொல்கிறேன். வீடு மாறினால் வீட்டுக்காரர் இரண்டு சாவியையும் கேட்பார். வியாழக்கிழமை வேலை முடிந்து ஏறும்போது உன் கதவுக்குப் போகாமல் எதிர்க் கதவுக்குப் போ. போனைப் பையில் போட்டுக்கொள். அவள் திறந்ததும் உன் பெயரைச் சொல்லிவிட்டு, சாவியைத் திருப்பிக் கேள். ஏன் என்று கேட்பாள். அவள் பாஷையிலேயே, அவள் முகத்தைப் பார்த்து, இனிமேல் நீங்கள் தட்ட வேண்டியதில்லை, நான் போகிற இடத்தில் கேட் இருக்கிறது என்று சொல். சொல்ல முடிந்துவிட்டால், வாங்கிக்கொண்டு காம்பவுண்டுக்குப் போய்விடு. அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கமாட்டேன்.

அம்மா